படிக்காமல் போட்ட கையெழுத்து

1

1977 ஜனவரி 28ஆம் தேதி பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் ஒரு கூட்டம் நடந்தது. செக்கோஸ்லோவாகியாவின் நடிகர்கள், எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக் கலைஞர்கள் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ஒரு நடிகை மேடையேறிப் பிரகடனம் ஒன்றை வாசித்தார். சோஷலிஸத்துக்காகவும் சமாதானத்துக்காகவும் புதிய படைப்புகளைச் செய்வோம் என்ற ரீதியில் போகிற பிரகடனம். நடுவே, சொந்த ஜனங்களிடமிருந்து துண்டித்துக்கொண்ட துரோகிகளைக் கண்டிக்கும் வாசகங்கள். பிறகு கைதட்டல், பிறகு கையெழுத்து. கட்சிப் பத்திரிகையான 'ரூடே ப்ராவோ' அடுத்தடுத்த நாட்களில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களைப் பத்தி பத்தியாக அச்சிட்டது. ஏறக்குறைய ஏழாயிரம் பெயர்கள்.

துரோகிகள் யார் என்று பிரகடனம் சொல்லவில்லை. அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த மாதம் முதல் தேதியிட்டு 'சாசனம் 77' என்று ஒரு அறிக்கை வந்திருந்தது. 240க்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதை அரசாங்கத்திடம் சேர்ப்பிக்கக் காரில் எடுத்துப்போன மூவரை 6ஆம் தேதி போலீஸ் மடக்கியது. உள்நாட்டில் எந்தப் பத்திரிகையும் அந்த அறிக்கையை அச்சிடவில்லை. அதைத் திட்டும் கட்டுரைகள் மட்டும் அச்சாயின. சிலர் இரவில் வெளிநாட்டு வானொலியில் கேட்டிருக்கலாம். சிலர் கைக்குக் கை மாறிய டைப் பிரதியைப் பார்த்திருக்கலாம். மற்றவர்கள் பார்க்காத ஒரு பிரதியைக் கண்டித்தார்கள். எழுத்தும் பேச்சும் வாசிப்பும் தொழிலாகக் கொண்ட ஏழாயிரம் பேரில் பெரும்பாலோர் தாங்கள் படிக்காத ஒன்றுக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள்.

அப்படி என்ன அந்தச் சாசனத்தில் இருந்தது? புரட்சிக்கு அழைப்பு இல்லை. 1966ஆம் வருஷத்து ஐ.நா. மனித உரிமை ஒப்பந்தங்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்ட செக்கோஸ்லோவாகிய அரசு, 1976ல் தன் சட்டத் தொகுப்பில் 120ஆம் எண்ணாக அவற்றை அச்சிட்டிருந்தது. நீங்கள் அச்சிட்டதை நீங்களே அனுசரியுங்கள் என்றது சாசனம். தான் ஒரு ஸ்தாபனம் அல்ல என்றும் தனக்கு விதிகளோ நிரந்தரக் குழுக்களோ கிடையாது என்றும் சொல்லிக்கொண்டது. அதில் ஒரு புகார் முக்கியமானது: பெற்றோரின் கருத்துகளுக்காகப் பிள்ளைகளுக்குப் படிப்பு மறுக்கப்படுகிறது என்பது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப வருவேன்.

எதிர்த்து நின்றவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்குப் பிரச்னையாக இருப்பது இந்த ஏழாயிரம் பேர்தான்.

2

நான் வங்கி குமாஸ்தா. கையெழுத்துகளோடு பழகுகிறவன். காசோலையில் இருப்பதும் மாதிரிக் கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரே கைதானா என்று மட்டும்தான் நான் பார்க்க வேண்டும். போட்டவரின் மனம் அதில் இருந்ததா என்பது என் விசாரணைக்கு உட்பட்டதல்ல.

எங்கள் கிளையில் ஒரு நோட்டு உண்டு. தலைமை அலுவலகத்து சர்க்குலர்களின் எண்ணும் தேதியும் எழுதி, எதிரே 'படித்துத் தெரிந்துகொண்டேன்' என்ற தலைப்பின் கீழ் ஊழியர்கள் கையெழுத்திட வேண்டும். சர்க்குலர்கள் இப்போது கணினித் திரையில் வருகின்றன. நோட்டு மட்டும் நோட்டாகவே இருக்கிறது. மாதக் கடைசியில் அது மேஜை மேஜையாக வரும். "போடுங்க சார், யார் படிக்கிறா" என்பார் கொண்டு வருகிறவர். போட்டுவிடுவேன். பத்து வருஷமாக இப்படித்தான். ஒருநாள் என் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்திலேயே நான் படித்ததாகச் சொல்லி, படிக்காதவை பதினொன்று.

இதையும் பிராகையும் ஒன்றென்று சொல்வது அபத்தம். நான் மறுத்தால் மேனேஜர் முகம் சுளிப்பார். மிஞ்சிப்போனால் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார். அங்கே என்ன ஆகும் என்பதை அந்த ஏழாயிரம் பேரும் முந்தைய எட்டு வருஷங்களில் பார்த்திருந்தார்கள்.

1968 ஆகஸ்ட் 20 இரவு வார்ஸா ஒப்பந்தப் படைகள் உள்ளே வந்தன. அலெக்ஸாண்டர் டுப்செக்கின் சீர்திருத்தங்கள் முடிந்தன. 1969 ஏப்ரலில் குஸ்தாவ் ஹுஸாக் கட்சித் தலைமைக்கு வந்தார். சகஜ நிலைக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1970ல் ஏறக்குறைய 15 லட்சம் கட்சி உறுப்பினர்களையும் குழுக்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தன. மையமான விஷயம் ஒன்றுதான்: ஆகஸ்டில் படைகள் வந்தது சகோதர உதவி என்று நீ ஒப்புக்கொள்கிறாயா? மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினர் பதவியை இழந்தார்கள். அதோடு பலருக்கு வேலையும் போயிற்று. சரித்திராசிரியர்கள் கொதிகலன் அறையில் கரி தள்ளினார்கள். பத்திரிகையாளர்கள் ஜன்னல் கண்ணாடி துடைத்தார்கள். டுப்செக் வனத்துறை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார்.

விசாரணைக் குழுவின் முன் 'ஆம்' என்றவர் அதை நம்பித்தான் சொன்னாரா? படைகள் வந்தபோது இவரும் தெருவில் நின்று பார்த்தவர். குழுவில் உட்கார்ந்திருந்தவரும் பார்த்தவர். இருவருக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். நம்பிக்கை இங்கே கேட்கப்படவே இல்லை. சொல்லப்போனால் 1968ன் தொல்லையைக் கொண்டுவந்தவர்களே நம்பிக்கையாளர்கள்தான். சோஷலிஸத்தை நிஜமாகவே நம்பியதால் அதைத் திருத்தப் பார்த்தவர்கள். நம்புகிறவன் என்றாவது ஒருநாள் கணக்குக் கேட்பான். நம்பாமல் 'ஆம்' சொன்னவனுக்கு அந்த வாயும் அடைபட்டுவிடுகிறது. அவன் சொன்ன பொய் அவனிடமிருந்து வாங்கிய ஜாமீன்.

சாதாரண கொடுங்கோன்மைக்கும் சர்வாதிகாரத்தின் இந்த ரூபத்துக்கும் வித்தியாசம் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய அரசன் வாயை மூடு என்றான். மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே வாயைத் திற என்கிறார்கள். மௌனம் என்ற கடைசிச் சொத்தும் பறிமுதலாகிறது.

அதற்குப் பிரதியாக ஏதோ கிடைக்கவும் செய்தது. எழுபதுகளின் பிராகைப் பசியும் பயமும் மட்டுமாகக் கற்பனை செய்வது தவறு. வாரக் கடைசியில் குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே தாங்களே பலகை அடித்துக் கட்டிய சின்னக் குடில்களுக்குப் போயின. தோட்டம் போட்டார்கள். அரசாங்கம் அதை அனுமதித்தது, விரும்பவும் செய்தது. மே தினத்துக்கும் நவம்பர் 7க்கும் ஜன்னலில் கொடி. தேர்தலில் 99 சதவிகிதத்துக்கு மேல் வாக்கு. மிச்ச நேரமெல்லாம் உன்னுடையது. அரசிடமிருந்து திருடாதவன் தன் குடும்பத்திடமிருந்து திருடுகிறான் என்று ஒரு சொலவடை அங்கே புழங்கியது. ஜனங்களுக்குத் தங்கள் ஸ்திதி பற்றிய பிரக்ஞை இல்லாமலில்லை. நன்றாகவே இருந்தது. அது போதுமானதாக இருக்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

3

இந்த நிலைமையைப் பற்றி வாட்ஸ்லாவ் ஹாவெல் 1978ல் எழுதிய 'அதிகாரமற்றவர்களின் அதிகாரம்' என்ற நீண்ட கட்டுரை உலகப் பிரசித்தம். அதில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். வெங்காயத்துக்கும் காரட்டுக்கும் நடுவே உலகத் தொழிலாளர் ஒற்றுமைக் கோஷம் எழுதிய அட்டையை வைக்கிறார். கோஷத்தில் அவருக்கு அக்கறை இல்லை. நான் கீழ்ப்படிகிறவன், என்னை விட்டுவிடுங்கள் என்பதுதான் அந்த அட்டையின் நிஜ வாசகம். ஒருநாள் அவர் அட்டையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஹாவெல் கேட்கிறார். ஆட்டம் ஆட்டம்தான் என்பது வெளிப்பட்டுவிடும் என்பது அவர் பதில்.

ஹாவெல் சும்மா சொன்னவரில்லை. சாசனத்தின் முதல் மூன்று பிரதிநிதிகளில் ஒருவர். 1979ல் நாலரை வருஷத் தண்டனை பெற்று, உடல்நிலை மோசமாகி 1983ல் வெளியே வந்தவர். அவரோடு வாதிடுவதற்கு எனக்கு என்ன யோக்யதை என்ற கூச்சம் இருக்கிறது. ஆனால் யோக்யதைக்குப் பயந்து சந்தேகத்தை விழுங்குவதும் இன்னொரு படிக்காத கையெழுத்துதான்.

என் சந்தேகம் முதலில் அந்தக் கடைக்காரரைப் பற்றி. அவர் ஒரு தத்துவ உதாரணம். ரத்தமும் சதையும் குறைவு. நிஜமான பிராகில் காய்கறிக் கடைக்காரர் ஒரு சின்ன ராஜா. கிறிஸ்துமஸுக்கு முன் ஆரஞ்சும் வாழைப்பழமும் வந்தால் வரிசை தெருமுனை வரை நிற்கும். நல்ல சரக்கு கல்லாவுக்கு அடியில் வேண்டியவர்களுக்காக ஒதுங்கியிருக்கும். டாக்டரும் பள்ளித் தலைமையாசிரியரும் அவரிடம் நயமாகப் பேசினார்கள். ஜன்னலில் இருந்த அட்டை கல்லாவுக்கு அடியில் நடந்ததையும் சேர்த்துக் காத்தது. பொய்யில் வாழ்கிறவனுக்குப் பொய் வெறும் பாரமாக மட்டும் இருப்பதில்லை. கொஞ்சம் லாபமாகவும் இருக்கிறது. அதனால்தான் கழற்றுவது கஷ்டம்.

இரண்டாவது சந்தேகம் கனமானது. அட்டையை எடுத்தால் தண்டனை கடைக்காரரோடு நிற்பதில்லை. அவர் மகளுக்கு மேற்படிப்பு போகும். சாசனமே சொன்ன புகார் இது. தன் உண்மைக்கான விலையை இன்னொருவர் தலையில் கட்டும் உரிமை ஒருவனுக்கு உண்டா? பதினான்கு வயதுப் பெண்ணிடம் சம்மதம் கேட்டுவிட்டா அப்பா அட்டையை எடுக்கிறார்? தைரியத்தின் தார்மீகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

4

இதைக் கடக்காமல் நின்றவர் லுட்விக் வாட்சுலிக். நாவலாசிரியர், சாசனத்தில் கையெழுத்திட்டவர், ஜனவரி 6ல் அந்தக் காரில் இருந்த மூவரில் ஒருவர். 1978 டிசம்பரில் தைரியத்தைப் பற்றிச் சில குறிப்புகள் எழுதினார். சாதாரண மனிதர்களுக்கு ஒரு அளவு உண்டு. அந்த அளவை மீறிய வீரச் செயல்கள் அவர்களைப் பயமுறுத்தி விலக்கிவிடும். சிறைக்குப் போவது எதற்காக, அதற்குத் தகுந்ததா என்று யோசிக்க வேண்டும். தன் வேலையை ஒழுங்காகச் செய்வதும் கௌரவமாக இருப்பதும் சின்ன விஷயங்களல்ல. ஏறக்குறைய இப்படிப் போகிறது அவர் வாதம். சொந்த முகாமிலேயே கடும் எதிர்ப்பு வந்தது. ஹாவெலும் மறுத்து எழுதினார். சிறைக்குப் போகிறவர்கள் யாரும் வீரனாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போவதில்லை என்பது அந்த மறுப்பின் சாரம். சிலர் உள்ளே இருக்கும்போது வெளியே இருப்பவன் இதை எழுதலாமா என்ற ஆத்திரமும் நியாயமானதே.

இருந்தும், வாட்சுலிக் சொன்னதில் ஒரு பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒருவன் இன்னொருவனிடம் தைரியத்தைக் கடனாகக் கேட்க முடியாது. நீ ஏன் தாங்கவில்லை என்று கேட்க, தாங்கியவனுக்கே தயக்கம் வர வேண்டும். தாங்க வேண்டிய அவசியமே நேராத நமக்கு வாய் திறக்க இடமில்லை. ஆக ஏழாயிரம் பேரையும் குற்றவாளிகள் என்று பட்டியல் போட நான் தயாரில்லை.

ஆனால் அங்கிருந்து, எல்லோரும் நிர்ப்பந்தத்துக்குள்ளானவர்கள், எனவே அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை என்று வழுக்கி விழுவதையும் நான் ஏற்கவில்லை. 'வெறும் சம்பிரதாயம்' என்ற இரண்டு சொற்களில்தான் என் பிரச்னை முழுவதும் இருக்கிறது.

5

கடைக்காரரின் அட்டைக்கும் நாடக அரங்கத்துக் கையெழுத்துக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டும் பொய்தான். அட்டை குறிப்பாக யார் மீதும் விழுவதில்லை. அதனால் எல்லார் மீதும் ஒரு தூசி படிகிறது, அவ்வளவே. அந்தக் கையெழுத்து 240 சொச்சம் மனிதர்கள் மீது விழுந்தது. அவர்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, போலீஸ் ஸ்டேஷனில் இருந்து சம்மன் உண்டு.

யான் பட்டோச்கா அவர்களில் ஒருவர். தத்துவவாதி. ஹாவெலோடும் யிரி ஹாயெக்கோடும் சேர்ந்து சாசனத்தின் பிரதிநிதியாக இருந்தவர். பல்கலைக்கழகத்திலிருந்து 1972ல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டவர். 1977 மார்ச் தொடக்கத்தில் நெடுநேர விசாரணைக்குப் பின் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 13ஆம் தேதி மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். வயது 69. தேசிய நாடக அரங்கத்துக் கைதட்டலுக்கும் இந்த மரணத்துக்கும் இடையே 44 நாட்கள். சவ அடக்கத்தின்போது மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. பக்கத்து மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களை உறும விட்டு, பேசியது கேட்காமல் செய்தார்கள்.

கைதட்டியவர்கள் அவரைக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. விசாரணை அறையின் வெளிச்சுவர் எதனால் கட்டப்பட்டது என்று கேட்கிறேன். இவர்களைத் தேசத்தின் கலைஞர்கள் எல்லோரும் நிராகரித்துவிட்டார்கள் என்று போலீஸ்காரன் மேஜையில் பத்திரிகையைத் தூக்கிப்போட முடிந்தது. அந்தப் பத்திரிகையில் ஏழாயிரம் பெயர்கள் இருந்தன. கையெழுத்தை மனமில்லாமல் போட்டார்கள் என்பது அச்சில் தெரியாது. நான் காசோலையில் பார்ப்பதைத்தான் அரசும் பார்த்தது: கை ஒன்றாக இருக்கிறதா என்று.

இன்னொரு வித்தியாசம், எழுத்தாளர்களாகிய நம்மைத் தொடுவது. கடைக்காரரின் தொழில் காய்கறி விற்பது. அட்டை அவர் தொழிலைக் கெடுக்கவில்லை. தக்காளி தக்காளியாகத்தான் இருந்தது. எழுதுகிறவனுடைய தொழிலோ படித்துவிட்டுச் சொல்வது. படிக்காத ஒன்றைக் கண்டிக்கிற விமர்சகன் தொழிலின் முதல் முடிச்சையே அவிழ்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் மனப்பூர்வமாக எழுதும் வாக்கியத்துக்கும் அந்தக் கையெழுத்துக்கும் வாசகன் எப்படி வித்தியாசம் காண்பான்? பயத்தினால் தொழிலை விடலாம். கரி தள்ளப் போகலாம். அல்லது பயத்தினால் கையெழுத்தும் போடலாம், அது மனித சாத்தியத்துக்கு உட்பட்டது. போட்டபின், நான் இதைச் செய்தேன், இது இன்னார் மீது விழுந்தது, காரணம் என் பிள்ளை அல்லது என் நாடக வேஷம் என்று தனக்குள்ளாவது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை ஒரு சர்வாதிகாரமும் பறிமுதல் செய்ய முடியாது. 'வெறும் சம்பிரதாயம்' என்று சொல்லும்போது அதை அவனே கிழித்துப் போடுகிறான். கையெழுத்தை வாங்கியது அரசு. இந்த இரண்டாவது பொய்யை யாரும் கேட்கவில்லை.

6

1989 நவம்பரில் அந்த அமைப்பு சில வாரங்களில் சரிந்தது. டிசம்பர் 29ல் ஹாவெல் ஜனாதிபதியானார். 1993லிருந்து செக்கோஸ்லோவாகியா என்ற நாடே இல்லை. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பலர் மேடைகளிலும் திரைகளிலும் தொடர்ந்தார்கள். ஜனங்கள் அவர்களை நேசிக்கவும் செய்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விளக்கம் கேட்கப்பட்டபோது சிலர் சொன்ன பதில்தான் என் மனதில் நின்றுவிட்டது. அது வெறும் வருகைப் பதிவேடு என்று நினைத்துப் போட்டோம் என்றார்கள். நிஜமாகவும் இருக்கலாம். அவர்களை நம்பவோ நம்பாமலிருக்கவோ என்னிடம் ஆதாரமில்லை. அந்தப் பதில் எனக்குப் பரிச்சயமானதாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் கிளை நோட்டைப் பற்றிக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன்.

சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் 1989 முடிவில்கூட இரண்டாயிரத்தை எட்டவில்லை. ஒன்றரைக் கோடி ஜனங்களின் நாட்டில். பிரகடனத்தின் ஏழாயிரத்தையும் கூட்டினாலும் பத்தாயிரம்கூட ஆகவில்லை. மிச்சமுள்ளவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களில் சிலரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வாட்சுலிக் ஒரு பதிப்பகம் தொடங்கினார். 'பெட்லிட்ஸெ' என்று பெயர். தாழ்ப்பாள் என்று பொருள். அச்சு யந்திரம் கிடையாது. தடை செய்யப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை மெல்லிய தாள்களுக்கிடையே கார்பன் வைத்து டைப் அடித்தார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதி. கடைசிப் பிரதி மங்கலாக இருக்கும். டைப் அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாவல் முழுவதையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தால்தான் அடிக்க முடியும். பிரதியின் முகப்பில் ஒரு எச்சரிக்கை இருக்கும்: இதை மேற்கொண்டு பிரதியெடுப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டது. ஆசிரியர் அதன் கீழ் கையெழுத்திடுவார். போலீஸ் வந்தால், நாங்கள் பரப்பவில்லை என்று காட்டுவதற்கு.

அதுவும் பொய்தான். எழுதியவருக்கும் நம்பிக்கையில்லை, படித்தவர் யாரும் அதன்படி நடக்கவுமில்லை. கடைக்காரரின் அட்டையைப் போலவே ஒரு வெற்று வாசகம். ஆனால் அந்தப் பொய் யார் மீதும் விழவில்லை. அதன் அடியில் ஒரு புத்தகம் படிக்கப்பட்டது. பொய் சொல்லாத வாழ்க்கை என்று ஹாவெல் சொன்ன உயரம் எனக்கு எட்டாது. என் பொய் யார் மீது போய் விழுகிறது என்று பார்க்கிற அளவு வரை என்னால் வர முடியும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் நோட்டு வந்தபோது, வைத்துவிட்டுப் போங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். கொண்டுவந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எட்டு சர்க்குலர்கள். ஐந்தில் எனக்குச் சம்பந்தமில்லை. ஆறாவது, கிராமத்துக் கணக்குகளில் ஒரு வகையை முடக்குவது பற்றி. அந்தக் கணக்குகளில் சில என் கவுன்ட்டரில் வருகிறவர்களுடையவை. அதைக் கொண்டுபோய் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.